கிலோமீட்டரைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள்

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் போக 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறது. தூரம் ஒன்றுதானே? ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. தூரம் இரண்டு பக்கமும் சுமார் 5,550 கி.மீ.தான். ஆனால் அட்லாண்டிக்குக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், ஜெட் காற்று என்ற வேகமான காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும் காற்று. 2020 பிப்ரவரியில் அது பலமாக வீசிய ஒரு நாள், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று 5 மணி நேரத்துக்குள் லண்டன் வந்துவிட்டது.

கேள்வி: டோக்கியோவில் மாலை கிளம்பி, லாஸ் ஏஞ்சலிஸுக்கு அதே நாள் காலை போய்ச் சேருமாம். அச்சுப்பிழையா?

பதில்: இல்லை. அந்தந்த ஊர் நேரம். நடுவில் தேதிக்கோடு இருக்கிறது; அதைக் கிழக்குப் பக்கமாகத் தாண்டினால் தேதி ஒரு நாள் பின்னால் போய்விடும்.

கேள்வி: ‘டைரக்ட்’ விமானம் என்று வாங்கினேன். பாதி வழியில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கேட்டால் இதுதான் டைரக்ட் என்கிறார்கள்.

பதில்: இந்த ஒரு சொல்லின் மேல் எனக்குப் பல வருடக் கோபம். ‘டைரக்ட்’ என்றால் விமான எண் மாறாது, அவ்வளவுதான். நடுவில் ஒரு ஊரில் நிற்கலாம், விமானமே கூட மாறலாம். எங்கும் நிற்காமல் போவது ‘நான்-ஸ்டாப்’. சிட்னியிலிருந்து லண்டனுக்குச் சுமார் 17,000 கி.மீ.; சிங்கப்பூரில் நின்று போகும் விமானமும் ஒரே எண்ணில்தான் போகிறது. சிங்கப்பூர்–நியூயார்க் சுமார் 15,300 கி.மீ.; அங்கே 18 மணி நேரத்துக்கு மேல் நிற்காமலே பறக்கிறார்கள். ஆகவே தூரத்தை வைத்து எதையும் ஊகிக்க முடியாது.

அம்மாவுக்கு நானும் இப்படித்தான் ஒரு டிக்கெட் எடுத்தேன். அதிகாலை மூன்று மணிக்கு இறக்கி, மறுபடி சோதனை வரிசையில் நிற்க வைத்தார்கள். வீங்கிய காலில் செருப்பு ஏறாமல், அதைக் கையில் பிடித்தபடி அம்மா நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. விற்கிறவர்கள் ‘நடுவில் ஒரு இடத்தில் நிற்கும்’ என்று ஒரு வரி எழுதினால் என்ன? அதுவரை நீங்கள்தான் ‘நிறுத்தம்: 0’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: 15ஆம் தேதி இரவு 12.10 விமானம். 15ஆம் தேதி இரவு போனேன், போய்விட்டது என்றார்கள். பணம் திரும்புமா?

பதில்: பெரும்பாலும் திரும்பாது. 15ஆம் தேதி 12.10 என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். டிக்கெட்டை ஒருமுறை படிக்கக் கூட நேரமில்லையா? சரி, வரித்தொகையையாவது கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ‘டோக்கியோவில் மூன்று மணி நேர இடைவெளி’ என்று ஏஜெண்ட் டிக்கெட் கொடுத்தார். இறங்கியது நரிட்டா விமான நிலையம், அடுத்த விமானம் அதே ஊரின் இன்னொரு நிலையமான ஹனேடாவில். தவறவிட்டோம். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

பதில்: உங்கள் மேல் தவறில்லை. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே 60 கி.மீ.; குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, அப்புறம் பஸ் என்று மூன்று மணி நேரம் ஓடிவிடும். தெரிந்தே விற்றிருக்கிறார். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்பதால் அவர்கள் கைவிரிப்பார்கள்; ஏஜெண்டைத்தான் பிடிக்க வேண்டும். அவர் அனுப்பிய செய்திகள், பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். முதலில் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் அந்தக் கடிதத்தோடு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள்.