அலைன்மென்ட் செய்த மூன்றாம் நாள் டயர் வீங்கினால் குற்றம் கடைக்காரருடையதா?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறேன். மூன்று வருடமான ஹேட்ச்பேக் கார், 28,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன சனிக்கிழமை ஒரு டயர் கடையில் அலைன்மென்ட், பேலன்சிங், டயர் ரொட்டேஷன் மூன்றும் செய்தேன். வண்டியை எடுத்ததிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் லேசாக ஆடுகிறது. செவ்வாய்க்கிழமை பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன், முன்பக்க இடது டயரின் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருப்பதைக் காட்டினான். கடைக்குப் போய்க் கேட்டால், "எங்க வேலையில இப்படி வராது சார், எங்கேயாவது குழியில இறக்கியிருப்பீங்க" என்கிறார். நான் எந்தக் குழியிலும் இறக்கவில்லை. பெரிய வாக்குவாதமாகிவிட்டது. புது டயர் வாங்கித் தரச் சொல்லலாமா? கம்பெனியில் வாரண்டி கிடைக்குமா? நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? டயர், ரிம், பில் மூன்றின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: யார் குற்றம் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த டயரைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டுங்கள். பக்கவாட்டில் வீங்கிய டயர் எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் ஓடும், நாளைக்கே பைபாஸில் வெடித்தாலும் வெடிக்கும். அதுவும் முன்சக்கரம். இதற்குப் பஞ்சர், பேட்ச் என்று எந்த வைத்தியமும் கிடையாது. யாராவது வல்கனைஸ் பண்ணித் தருகிறேன் என்றாலும் காருக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் படங்களுக்கு வருகிறேன். அவற்றைப் பார்த்த வரையில் அந்த டயர் சனிக்கிழமைக்கு முன்பே அடிவாங்கியிருக்கிறது. கடைக்காரர் சொன்னதுதான் சரி. ஆனால் அவர் பக்கமும் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

அந்த வீக்கம் எப்படி வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கார் டயரின் பக்கவாட்டுக்குள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நெருக்கமாக நூல்கள் ஓடுகின்றன. பெரும்பாலும் பாலியெஸ்டர் நூல். உள்ளே இருக்கும் காற்றைத் தாங்கிப் பிடிப்பது இந்த நூல்தான். மேலே தெரியும் ரப்பர் வெறும் போர்வை. சக்கரம் ஒரு குழியின் விளிம்பிலோ நடைபாதைக் கல்லிலோ வேகமாக மோதும்போது, அந்தக் கல்லுக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவே டயர் நசுங்குகிறது. அந்த ஒரு நொடியில் நூல்கள் அறுந்துவிடும். ரப்பர் இழுபடும் தன்மை கொண்டது என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. நூல் அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளத் தொடங்குகிறது. சில சமயம் உடனே தெரியும், சில சமயம் தெரிய வாரக்கணக்கில் ஆகும். பல பேர் கடையைத் தப்பாக நினைப்பது இந்த இடைவெளியால்தான்.

உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வீல் கவரைக் கழற்றிவிட்டு எடுத்திருக்கிறீர்கள், நல்ல காரியம். வீக்கத்துக்கு நேர் கீழே ரிம்மின் வெளி உதடு இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே மடங்கியிருக்கிறது. மடிந்த இடத்தில் பெயின்ட் உதிர்ந்து, அந்தக் கோட்டில் பழுப்பாகத் துரு ஏறியிருக்கிறது. உங்களுடையது இரும்பு ரிம். மூன்று நாளைக்கு முன் அடிபட்டிருந்தால் மடிப்பில் இரும்பு பளிச்சென்று தெரியும், மிஞ்சிப் போனால் லேசாக மங்கியிருக்கும். உங்கள் ரிம்மில் மடிப்புக்குள் துரு ஊறி, அதன்மேல் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது. இது சில வாரங்களாவது பழைய அடி.

அடுத்தது பில். அதன் ஓரத்தில் பேனாவால் கிறுக்கியிருக்கிறார்களே, அதை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. வண்டி உள்ளே வந்தபோது நான்கு டயரிலும் இருந்த காற்று அது. மூன்று டயரில் 29, 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று இருக்கிறது. பின்பக்க இடதில் மட்டும் 22. ஒரே நாளில் காற்றடித்த நான்கு டயரில் ஒன்று மட்டும் இவ்வளவு இறங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். டியூப்லெஸ் டயரில் ரிம் உதடு மடிந்தால், டயரின் விளிம்பு ரிம்மோடு சரியாக ஒட்டாமல் காற்று மெல்ல மெல்லக் கசியும். ஆக, உங்கள் ரிம் கடைக்குள் நுழையும்போதே கசிந்துகொண்டிருந்தது.

பில்லில் ரொட்டேஷன் முன்-பின் என்று இருக்கிறது. அதாவது பின் இடதில் இருந்த சக்கரம்தான் இன்று முன் இடதில் இருக்கிறது. 22-க்கு இறங்கியிருந்த டயரில் நூல் அறுந்த இடம் அவ்வளவாகப் புடைக்காது. கடையில் 33 ஏற்றியதும் புடைத்துக்கொண்டு வந்துவிட்டது. காற்றடித்ததால் நூல் அறுந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நல்ல டயர் 33-ஐ அலட்சியமாகத் தாங்கும். ஏற்கெனவே அறுந்திருந்ததைக் காற்று வெளியே காட்டிவிட்டது, அவ்வளவுதான். ஸ்டீயரிங் ஆட்டமும் இப்படித்தான். கோணிய ரிம்மும் வீங்கிய டயரும் பின்னால் இருந்தவரை அந்த அதிர்வு சீட்டில் லேசாகத் தெரிந்திருக்கும், நம் ஊர் ரோட்டில் அதை யாரும் கவனிப்பதில்லை. முன்னால் வந்ததும் நேராகக் கைக்கு வந்துவிட்டது. கடைக்குப் போய் வந்த பிறகு எல்லாம் கெட்டது போலத் தோன்றுவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

எந்தக் குழியிலும் இறக்கவில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். இடப்பக்கம் குறுகலான சந்துக்குள் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்சக்கரம் தப்பித்த கால்வாய் மூடியின் விளிம்பிலும் நடைபாதைக் கல்லிலும் ஏறுவது பின் இடதுதான். ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியாது, 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் கேட்காது. ரிம்மின் வெளிப்பக்க உதடு மடிந்திருப்பதும் இதற்குத்தான் பொருந்துகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடெல்லாம் தண்ணீர் நிற்கும்போது கேட்கவே வேண்டாம்.

கடைக்காரரால் டயர் கெடவே கெடாதா என்றால், கெடும். ஆனால் அந்தத் தடயமே வேறு. மெஷினில் டயரைக் கழற்றி மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தடவாமல் முரட்டுத்தனமாக இழுத்தால், ரிம்மில் உட்காரும் விளிம்பு கிழியும். அதை பீட் என்பார்கள். கிழிந்த பீட் ரிம்முக்குப் பக்கத்தில் பிய்ந்து தொங்கும், அங்கிருந்து காற்று கசியும். பக்கவாட்டின் நடுவில் வீக்கம் வராது. உங்களுக்கு அன்றைக்கு டயரை ரிம்மிலிருந்து கழற்றவே இல்லை. ரொட்டேஷனுக்கும் பேலன்சிங்குக்கும் சக்கரத்தோடுதான் கழற்றுவார்கள். மற்றபடி, ஏர் கன்னால் நட்டை அளவுக்கு மேல் முறுக்கி போல்ட்டைக் கெடுப்பது, ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்து வண்டியின் அடி விளிம்பை நசுக்குவது, 'அவுட்சைடு' என்று அச்சிட்ட பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டுவது, இதெல்லாம் கடையின் தவறுகள். இவற்றில் ஏதாவது இருந்திருந்தால் நானே உங்களைச் சண்டை போடச் சொல்லியிருப்பேன்.

பஞ்சர் கடைகளைப் பற்றியும் இதே மாதிரி நிறையக் கடிதம் வருகிறது. "சின்ன ஆணிதான், ஆனால் டயரே போச்சு என்கிறான், புது டயர் விற்கப் பார்க்கிறான்" என்று. அப்படி விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. அதனால் வாய்ச்சண்டை போடாமல் டயரின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் உள்ளே கறுப்பாக மாவு மாதிரி ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும், பக்கவாட்டைச் சுற்றி ஒரு வளையமாகத் தேய்ந்த கோடு இருக்கும். இரண்டும் இருந்தால் அவர் உண்மையைத்தான் சொல்கிறார், அந்த டயரை இனி நம்ப முடியாது. உள்பக்கம் சுத்தமாக இருந்து, ஆணி ரோட்டில் படும் பகுதியில் மட்டும் ஏறியிருந்தால் பஞ்சர் போட்டால் போதும். ஓட்டை எத்தனை என்ற சந்தேகம் இருந்தால், சோப்புத் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்திலேயே நின்று, குமிழி வரும் இடத்தை நீங்களே சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

டயரையே மாற்றிவிட்டார்களோ என்றும் சிலருக்குத் தோன்றும். அதற்குப் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கிறது. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. உங்கள் நான்கு டயரிலும் ஒரே வருடம், அடுத்தடுத்த வாரங்கள். வண்டியோடு வந்த டயர்கள்தான்.

இன்னொன்று. பக்கவாட்டில் மெல்லிய பள்ளமாக ஒரு கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே நூல் அடுக்கின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம் அது. ரேடியல் டயரில் சகஜம். உள்ளே போன பள்ளம் பிரச்சினை இல்லை, வெளியே வந்த புடைப்புதான் ஆபத்து. சந்தேகமாக இருந்தால் கடையில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இனி வாரண்டி. டயர் கம்பெனிகளின் சாதாரண வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். மோதி அடிபட்டது அதில் வராது. டீலரிடம் கொடுத்தால் கம்பெனி ஆள் வந்து டயரின் உள்பக்கத்தைப் பார்ப்பார். நசுங்கி அறுந்த நூல் அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும், ரிம் மடிப்பு வேறு இருக்கிறது. கேட்பதில் தப்பில்லை, ஆனால் எதிர்பார்க்காதீர்கள். தயாரிப்புக் குறை என்று ஒப்புக்கொண்டால்கூட, மிச்சம் இருக்கும் ட்ரெட் (ரோட்டில் படும் பகுதியில் உள்ள பள்ளக் கோடுகள்) ஆழத்துக்குத் தக்கபடிதான் பணத்தைக் கழித்துத் தருவார்கள். சில கம்பெனிகள் குறிப்பிட்ட டயர்களுக்கு, வாங்கியவுடன் பதிவு செய்தால், அடிபட்ட டயருக்கும் சேர்த்து வாரண்டி தருகின்றன. அடுத்த டயர் வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள். பில்லில் டயரின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் சேவையில் குறை இருந்தது என்று காட்ட வேண்டியது நீங்கள். உங்கள் கையிலிருக்கும் ரிம்மும் பில்லும் கடைக்காரருக்குத்தான் சாதகமாகப் பேசுகின்றன. என் யோசனை, போகாதீர்கள்.

கடைக்காரர் மேல் எனக்கு இருக்கும் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டயரில் மட்டும் 22 இருந்ததை அவர் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். பேலன்சிங் மெஷினில் அந்தச் சக்கரம் சுற்றும்போது ரிம் கோணியிருப்பது கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீக்கமே அப்போது இருந்ததா என்பது வேறு விஷயம், மடிந்த ரிம் நிச்சயம் இருந்தது. "சார், இந்த ரிம் அடிபட்டிருக்கு, காற்று இறங்கியிருக்கு, பாருங்க" என்று உங்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். காட்டாமல் காற்றை ஏற்றி, அதைக் கொண்டுபோய் முன்னால் மாட்டியது அசட்டை. டயர் கடை நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் சொல்கிறேன், வண்டி உள்ளே வந்ததும் நான்கு சக்கரத்தையும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பாதிச் சண்டை வராது.

அதனால் அவரிடம் புது டயர் கேட்க நியாயம் இல்லை. பேலன்சிங் தொகையைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது ரிம்மைத் தட்டி நிமிர்த்தி, புது டயர் மாட்டி, பேலன்ஸ் செய்யும் கூலியை விட்டுக்கொடுக்கச் சொல்லலாம். பில்லைக் காட்டி, "22 இருந்ததை எழுதினீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே" என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அன்றைக்குக் கோபத்தில் அதிகமாகப் பேசியிருந்தால் அதையும் சேர்த்துச் சரி செய்துகொள்ளுங்கள். கூகுளில் ஒற்றை ஸ்டார் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அல்லது நடந்ததை நடந்தபடி திருத்தி எழுதுங்கள். இன்னொருவர் பிழைப்பு அது.

புது டயர் ஒன்று போதுமா என்பது மற்ற டயர்களின் தேய்மானத்தைப் பொறுத்தது. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ட்ரெட் இருந்தால் ஓட்டலாம், ஆனால் 3-க்குக் கீழே வந்தாலே மழையில் பிடிமானம் குறைந்துவிடும். உங்கள் படத்தில் மற்ற மூன்றும் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கின்றன. ஒரே அச்சில் ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று போட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம். இரண்டாக வாங்கிப் பின்பக்கம் மாட்டுங்கள். முன்சக்கர டிரைவ் வண்டிதானே, புதுசு முன்னால்தானே போக வேண்டும் என்று பலர் கேட்பார்கள். ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம், அதனால்தான் நல்ல டயர் பின்னால். ஸ்டெப்னி அதே அளவில், ஓடாமல் இருந்தால் ஒரு புது டயரோடு அதையும் ஜோடி சேர்க்கலாம், தயாரித்த வருடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய அளவு ஸ்டெப்னி என்றால் அதன் மேல் 80 கிலோமீட்டர் வேகம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதில் கடை வரைக்கும் மட்டும் போங்கள்.