பீரோ சாவி யாரிடம்?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கடலூரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்திலும் பொறுப்பு உண்டு. நம் மண்ணின் எழுத்தாளர்களுக்கென்று நூலகத்துக்கு ஒரு கண்ணாடி பீரோ வாங்கித் தரத் தீர்மானித்துப் பணமும் சேர்த்துவிட்டோம். புத்தகங்கள் தொலையாமல் இருக்கப் பூட்டும் வைக்கிறோம். அதில் அவசியம் இருக்க வேண்டிய பத்து நூல்களை நீங்கள் சொல்ல வேண்டும். இங்கே பிறந்தவர்களை மட்டும் சேர்ப்பதா, வந்து தங்கியவர்களையும் சேர்ப்பதா என்று எங்களுக்குள் சண்டை. கைபேசி வந்த பிறகு பிள்ளைகள் நூலகத்துப் பக்கமே வருவதில்லை. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கடலூர்)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பரண்மேல் கிடந்த புத்தகங்களை இறக்கி மொட்டைமாடி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இந்த வேலை உண்டு. கையெல்லாம் தூசி, ஓயாத தும்மல். அந்த நேரத்தில் 'பூட்டும் வைக்கிறோம்' என்ற வரியைப் படித்தேன். இரண்டு நாள் ஆறப்போட்டு எழுதலாம் என்று வைத்தேன். ஆறவில்லை.

கைபேசியை விடுங்கள். என் சின்ன வயதில் சினிமா கெடுத்தது, பிறகு தொலைக்காட்சி கெடுத்தது. படிக்கிற பிள்ளை எப்படியும் படிக்கும்.

பிறந்தவரா வந்தவரா என்பதும் வெட்டிச் சண்டை. ஜெயகாந்தன் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார், சென்னையை எழுதினார். புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார், அவர் பேனாவில் ஊறியதோ திருநெல்வேலி. எங்கள் பக்கம் வந்தால் பாரதி எட்டயபுரத்துக்காரர், ஆனால் குயில் பாட்டை எழுதியது புதுச்சேரியில் இருந்தபோது. கி.ரா. தன் ஊரான இடைசெவலைக் கையோடு கொண்டுவந்து புதுச்சேரி லாஸ்பேட்டையில் வைத்துக்கொண்டார். 1827இல் தொடங்கிய எங்கள் நூலகத்துக்கு ரோமன் ரோலண்ட் பெயரை வைத்திருக்கிறோம். அந்தப் பிரெஞ்சு மனிதர் இந்தியாவுக்கே வந்ததில்லை. எல்லாரையும் சேருங்கள்.

இனிப் பூட்டுக்கு வருகிறேன்.

எனக்குப் பதினான்கு வயது. கெடிலம் ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல மாட்டேன், ஒரு நூலகம். நாளிதழ் மேசையைச் சுற்றி எப்போதும் ஆண்கள். பெண்களுக்கு வாசலை ஒட்டி ஒரு பெஞ்சு, அதில் போன மாதத்து வார இதழ்கள். நூலகரின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு பீரோ. 'சிறந்த நூல்கள்' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். சிறந்தது என்று எழுதி வைத்துப் பூட்டினால் பதினான்கு வயதுக்காரிக்கு வேறு எதன்மேல் கண் போகும்? கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்ததில் ஒரு முதுகில் புதுமைப்பித்தன் என்று தெரிந்தது.

சாவி கேட்டேன். பெரியவரிடம் இருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் கேட்டேன். பெரியவர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். எட்டு வாரம் நடந்தேன். பெரியவர் யார் என்பதே கடைசிவரை தெரியவில்லை. பிறகு மாற்றலாகி ஒரு புது நூலகர் வந்தார். அவரும் இரண்டு நாள் சாவியைத் தேடினார். மூன்றாம் நாள் வீட்டிலிருந்து ஒரு திருப்புளி கொண்டுவந்து, பூட்டைத் தொடாமல், கீலில் இருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கதவு தப்பான பக்கமாகத் திறந்தது. மறுபக்கம் பூட்டு கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 'எடுத்துக்கொள் அம்மா, பூட்டு பத்திரமாக இருக்கிறது' என்றார்.

அட்டையைத் திறந்ததும் பாவாடையில் அரிசிமாவுபோல ஒரு தூள் கொட்டியது. ராமபாணம், புத்தகத்தைத் துளைக்கும் புழு. குண்டூசித் தலையளவு ஓட்டை ஒன்று முதல் பக்கத்தில் தொடங்கி, வளைந்து வளைந்து, பின்னட்டைவரை போயிருந்தது. பக்கத்துக்கு இரண்டு மூன்று எழுத்து காணோம். ஓரிடத்தில் 'ப'வும் 'ல்'லும் மட்டும் மிச்சம். பாலா, பல்லா, பகலா? நானே ஒன்றைப் போட்டு அடுத்த வரிக்குப் போனேன். முழுப் புத்தகத்தையும் அப்படித்தான் படித்தேன். பல ஆண்டு கழித்து நல்ல பிரதி வாங்கி ஒப்பிட்டேன். நான் போட்டவற்றில் பாதிக்கு மேல் தப்பு. இரண்டு இடத்தில் மட்டும் என்னுடையதே மேல் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். (புதுமைப்பித்தன் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.)

இதைவிட முக்கியம், உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டு. அதில் ஒரு முத்திரைகூட இல்லை. அவர் பிறந்த ஊரில், அத்தனை ஆண்டும், மனிதர் ஒருவரும் அதைத் தொடவில்லை. படித்து முடித்தது புழு ஒன்றுதான்.

தம்பி, உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் சீர்காழி. அங்கே பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்படுவதற்கே. மேலைநாட்டில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கதையையும் அங்கே சொல்கிறார். சங்கிலி போட்டவனாவது பக்கத்தில் நின்று படிக்க விட்டான். நீங்கள் போடும் பூட்டு அதற்கும் விடாது.

தொலைந்துவிடும் என்கிறீர்கள். தொலையட்டும். உங்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஓர் இனம் இருக்கும், சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு. 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் வழியாக வந்த வரி அது. காசு கொடுத்த சொந்தக்காரனைத் திருடன் என்று சந்தேகித்து, அவன் பொருளை அவனிடமிருந்தே பூட்டி வைப்பது என்ன நியாயம்? நூலகரை நான் திட்டவில்லை. இருப்புச் சரிபார்ப்பில் குறைந்த புத்தகத்துக்குக் கைப்பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பயந்தவர் பூட்டத்தான் செய்வார். நீங்கள் அந்தப் பயத்துக்கு அல்லவா பணம் ஒதுக்க வேண்டும்? பீரோவைக் கைவிடுங்கள். அந்தப் பணத்தில் திறந்த அடுக்கு ஒன்று வாங்கி, ஒவ்வொரு நூலிலும் இரண்டு பிரதி போடுங்கள். மிச்சத்தை வட்டத்தின் பெயரில் வைத்திருந்து, காணாமல் போவதை மறுபடி வாங்கிக் கொடுங்கள். எந்தப் புத்தகம் அடிக்கடி காணாமல் போகிறது என்று எனக்கு எழுதினால் சந்தோஷப்படுவேன்.

அடுக்கைச் சுவரோடு ஒட்டாதீர்கள், காற்று போக வேண்டும். மூடிய பீரோவுக்குள் கடலூர் ஈரம் என்ன செய்யும் என்பதற்கு அந்த அரிசிமாவே சாட்சி. கீழ்த்தட்டு காலியாக இருக்கட்டும். 2015 மழையையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆமாம், பத்து நூல் கேட்டிருந்தீர்கள். கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதியை முதலில் வையுங்கள், உங்கள் மாணவர்களின் பாட்டிமார் பேசிய சொற்கள் அதில் இருக்கும். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையத்தின் 'செல்லாத பணம்'. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரியில் நடமாட வேண்டுமானால் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்'. மீதி ஏழுக்கு உங்கள் வட்டம் சண்டை போடட்டும். பிறந்த ஊரை வைத்து அல்ல, படித்துவிட்டு.

புதுமைப்பித்தனை நானே கொண்டுவந்து தருகிறேன், புதுப் பிரதி. ஓட்டை விழுந்ததைத் தர மாட்டேன். பரணிலிருந்து இறக்கி வெயிலில் வைத்தேன் என்றேனே, அவற்றில் அதுவும் ஒன்று. ஐம்பது ஆண்டுக்கு அபராதம் எவ்வளவு ஆகும் என்று உங்கள் நூலகரிடம் கேட்டுச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.