‘கிளாஸ் இல்லை’ என்று சொன்னால் பெயரைப் படியுங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால், அவசரத்தில் எழுதிய பில் மென்பொருள்கள் தருமபுரியில் என் மேசைக்கு வந்து சேரும். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே புகார்: கிளாஸ் (தரவையும் அதற்குரிய செயல்களையும் ஒரு பெயரில் தொகுத்த நிரல் பகுதி) கிடைக்கவில்லை.

ஐயா, மாங்காய் மண்டி ஒன்றுக்கு லாராவெலில் (பிஎச்பி மொழிக்கான சட்டகம்) கொள்முதல் பில் மென்பொருள் எழுதினேன். என் விண்டோஸ் மடிக்கணினியில் ஓடுகிறது. லினக்ஸ் சர்வரில் ‘பர்ச்சேஸ்பில்’ கிளாஸ் இல்லை என்கிறது. கம்போசர் என்ற நூலக மேலாளரில், கிளாஸ் பட்டியலைப் புதுப்பிக்கும் டம்ப்-ஆட்டோலோட் கட்டளையைப் பத்து முறை ஓட்டிவிட்டேன். (காவேரிப்பட்டணம்)

பதினோராவது முறையும் பயன் இருக்காது. அடித்தவுடன் பேய் இறங்குவதற்கு அது என்ன வேப்பிலையா? நீங்கள் அனுப்பிய படத்தில் கோப்பின் பெயர் முழுதும் சிறிய எழுத்து. கிளாஸின் பெயரிலோ ‘பி’ இரண்டும் பெரிய எழுத்து. விண்டோஸ் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள்.

2013 இறுதியில் வந்த பிஎஸ்ஆர்-4 என்ற கோப்புப் பெயர் விதிப்படி கம்போசர் செய்வது சின்ன வேலைதான். நேம்ஸ்பேஸின் (கிளாஸ் பெயருக்கு முன்னே வரும் குடும்பப்பெயர்) முன்னொட்டுக்கு உரிய கோப்புறையை எடுக்கும், மீதிப் பெயரைப் பாதையாக்கும், கடைசியில் பிஎச்பி என்ற பின்னொட்டைச் சேர்த்து அந்தக் கோப்பைத் தேடும். ஊகித்துப் பார்க்காது. பிழைச்செய்தியில் உள்ள பெயரை ஒரு தாளில் எழுதி நீங்களும் அதேபோல் பாதையாக்குங்கள். எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிடும். கட்டளையை ஓட்டித்தான் தீருவேன் என்றால் ‘-ஓ’ சேர்த்து ஓட்டுங்கள். விதிக்குப் பொருந்தாத கிளாஸ்களை கம்போசர் 2 பெயர் சொல்லி ஒதுக்கும்.

இன்னொரு பள்ளம் உண்டு. விண்டோஸில் கோப்புப் பெயரில் எழுத்தின் அளவை மட்டும் மாற்றினால், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் அதைக் கவனிக்காமலே விட்டுவிடலாம்; சர்வருக்குப் பழைய பெயரே போகும். ‘கிட் எம்வி’ கட்டளையால் முதலில் வேறொரு பெயருக்கு மாற்றி, பிறகு சரியான பெயருக்கு மாற்றுங்கள். நானே இதில் ஓர் இரவு முழுதும் விழித்திருக்கிறேன்.

ஹெல்பர்ஸ் கோப்பில் எழுதிய ஃபங்ஷன்கள் தாமாக ஏறவில்லையே? (பென்னாகரம்)

ஏறாது. பிஎச்பியின் ஆட்டோலோட் (தேவைப்படும்போது கோப்பைத் தானே ஏற்றும் வசதி) கிளாஸ் போன்றவற்றுக்கு மட்டும்தான்; தனி ஃபங்ஷன்களுக்குக் கிடையாது. கம்போசர் ஜேசன் கோப்பில் ஆட்டோலோட் பகுதிக்குள் ‘ஃபைல்ஸ்’ பட்டியலில் அந்தக் கோப்பைச் சேருங்கள். டம்ப்-ஆட்டோலோட் ஓட்ட வேண்டிய இடம் இதுதான்.

பட்டுக்கூடு எடைச்சீட்டு மென்பொருளை லாராவெல் 7-இலிருந்து 8-க்கு மாற்றினேன். மாடல்களை (தரவுத்தள அட்டவணைகளுக்கான கிளாஸ்கள்) எல்லாம் மாடல்ஸ் கோப்புறைக்கு நகர்த்தி, நேம்ஸ்பேஸையும் யூஸ் வரிகளையும் திருத்திவிட்டேன். புதிய பதிவுகள் சரி. பழைய சீட்டுகளின் குறிப்புகளைத் திறந்தால் மட்டும் கிளாஸ் இல்லை என்கிறது. (ஒசூர்)

இந்த வாரத்தின் நல்ல கேள்வி இது. குற்றவாளி உங்கள் நிரலில் இல்லை, தரவுத்தளத்தில் இருக்கிறது. விவசாயி, வியாபாரி இருவருக்கும் பொதுவாகக் குறிப்புகளை வைக்க, ஒரே அட்டவணையைப் பல மாடல்களோடு இணைக்கும் ‘மார்ஃப்’ உறவைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அந்த அட்டவணையின் டைப் நெடுவரிசையில் கிளாஸின் முழுப்பெயரே எழுதப்பட்டிருக்கும். பழைய வரிசைகளில் இருப்பது பழைய முகவரி. வீடு மாறியவருக்குப் பழைய வீட்டுக்கே கடிதம் போகிறது. நகல் எடுத்துவைத்துக்கொண்டு அந்தப் பெயர்களை ஒரே அப்டேட் கட்டளையில் மாற்றுங்கள். பிறகு ‘மார்ஃப்மேப்’ அமைத்து, முழுப்பெயருக்குப் பதில் ‘விவசாயி’ போன்ற குறும்பெயர் பதியும்படி செய்யுங்கள். அதற்கு முந்தைய வரிசைகளையும் குறும்பெயருக்கு மாற்ற வேண்டியிருக்கும். பின்னணியில் ஓடுவதற்காகக் கியூவில் (வரிசையில்) காத்திருக்கும் பழைய வேலைகளிலும் இதே சிக்கல் வரும். உண்மையில், 8-க்கு மாறுவதற்காக மாடல்களை நகர்த்த வேண்டிய கட்டாயமே இல்லை. இனிச் சொல்லி என்ன.

அண்ணா, கல்லூரித் திட்டப்பணி. சர்வரில் மாதிரித் தரவு நிரப்பும்போது ஃபேக்கர் கிளாஸ் இல்லை என்கிறது. (பாலக்கோடு)

மென்பொருளை உருவாக்கும்போது மட்டும் தேவைப்படும் நூலகங்களை விட்டுவிடும் ‘நோ-டெவ்’ சேர்த்து நிறுவியிருப்பாய், தம்பி. ஃபேக்கர் ‘ரிக்வயர்-டெவ்’ பட்டியலில்தான் இருக்கும். செயல்விளக்கம் மட்டும்தான் என்றால் அதை ‘ரிக்வயர்’ பட்டியலுக்கு மாற்றிக்கொள். வாடிக்கையாளரின் சர்வராக இருந்தால் பொய்த் தரவை அங்கே ஏற்றாதே.

என் ஹோஸ்டிங்கில் கட்டளை வரி கிடையாது. நூலகங்கள் இருக்கும் வெண்டர் கோப்புறைக்குள் உள்ள கம்போசர் கோப்புறையை மட்டும் ஏற்றினேன். இப்போது தளமே திறக்கவில்லை. ‘கம்போசர்ஆட்டோலோடர்இனிட்’ என்று தொடங்கி ஒரு நீண்ட பெயர் இல்லை என்கிறது. (ஊத்தங்கரை)

அந்த நீண்ட வால் வெண்டரில் உள்ள ஆட்டோலோட் கோப்பிலும் கம்போசர் கோப்புறையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று புதியது, ஒன்று பழையது. வெண்டர் முழுவதையும் ஒரே ஜிப்பாக ஏற்றி, பழையதை நீக்கிவிட்டு விரியுங்கள்.