வாசகர் கேள்வி - பதில்: நட்சத்திரமும் கழித்தல் கணக்கும்

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். இந்த ஆண்டு முதல் கணக்குப் பாடத்தை 'டேப்'பில் ஒரு செயலி வழியாகவே நடத்துகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. கணக்கு நோட்டு கிடையாது. செயலியில் நிறைய நட்சத்திரங்கள் வாங்குகிறவள், கடையில் மீதிச் சில்லறையை எண்ணத் தடுமாறுகிறாள். பள்ளியில் இதைக் கேட்கலாமா?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: தயங்காமல் கேளுங்கள், சகோதரி. நீங்கள் கவனித்திருப்பது சிறிய விஷயம் அல்ல. 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத குழந்தை ஒன்றுகள் இடத்தில் 7-லிருந்து 2-ஐயும், பத்துகள் இடத்தில் 5-லிருந்து 2-ஐயும் கழித்து 35 என்று எழுதும். நோட்டைத் திருத்தும் ஆசிரியருக்கு அந்த ஒரு வரி போதும். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ கேட்டதைக் குழந்தை ஒவ்வோர் இலக்கத்துக்கும் பொருத்திக்கொண்டிருக்கிறது என்று கண்டு, பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டிப் புரியவைத்துவிடுவார். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் செயலியிலோ, 35 தவறென்று தெரிந்ததும் அடுத்ததைத் தொட்டு நட்சத்திரம் வாங்கிவிடலாம். பிழை அப்படியே மனத்தில் தங்கிவிடும்.

எல்லாச் செயலிகளும் இப்படித்தான் என்பது நியாயமாகாது. டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருளைப் பயன்படுத்திய மாணவர்களை ஆராய்ந்தபோது, நான்கரை மாதங்களில் அவர்கள் கணக்கிலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஆனால் அது பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த வகுப்பு. 90 நிமிடங்களில் பாதிதான் கணினிக்கு, மறுபாதியில் ஓர் உதவி ஆசிரியர் பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்காரவைத்துக் கற்பித்தார். பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வழங்கிய திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட அறிக்கையோ, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் காணவில்லை என்றது. பிரிட்டனின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் 7 சதவீதம் மட்டுமே, மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சோதனையை நடத்தியிருந்தன என்று யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிடுகிறது. பிள்ளைகளின் கையில் கொடுக்கும் பொருளை இவ்வளவு குறைவாகச் சோதிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பள்ளியில் 'டேப் வேண்டுமா' என்று தொடங்காதீர்கள். மகள் செய்யும் பிழைகளை வாரந்தோறும் எந்த ஆசிரியர் பார்க்கிறார், பார்த்தபின் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். யாரும் பார்ப்பதில்லை என்றால், மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, கணக்கு நோட்டை மீண்டும் கொண்டுவரும்படி எழுதிக் கொடுங்கள். அதுவரை வீட்டில் கடைக்குப் போகும்போதெல்லாம் சில்லறைப் பொறுப்பை மகளிடம் விடுங்கள்.

கேள்வி: செயலியில் சேர்க்க மகனின் ஒளிப்படம், பிறந்த தேதி, என் கைபேசி எண் ஆகியவற்றைப் பள்ளியில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: கணக்குப் போட ஒளிப்படம் தேவையில்லை. கொரோனாக் காலத்தில் அரசுகள் பரிந்துரைத்த 163 கல்விச் சேவைகளில் 89 சதவீதம் பிள்ளைகளைக் கண்காணிக்கக்கூடியவையாக இருந்தன என்பதையும் அதே யுனெஸ்கோ அறிக்கை சொல்கிறது. ஒவ்வொரு விவரமும் எதற்காக, யாரிடம் போகிறது, ஆண்டு முடிந்தபின் அழிக்கப்படுமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை பெயருக்குப் பதிலாக வரிசை எண்ணைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.