மொதல் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி? (கடிதம்)

வணக்கம் அண்ணா,
நான் இருக்கற நாட்டுல லைசென்ஸ் எடுத்தா மான் வேட்டைக்குப் போகலாம். வீடியோ பாத்துப் பாத்து ஆசை வந்துடுச்சு. இதுவரைக்கும் துப்பாக்கியே புடிச்சதில்ல. எந்த ரைஃபிள் வாங்கறது? 400 மீட்டர்ல அடிக்க பெரிய ஸ்கோப் வேணுமா?

தம்பி,
நானும் எந்தத் துப்பாக்கின்னு கேட்டுத்தான் ஆரம்பிச்சேன், அதனால உன்னத் திட்ட எனக்கு யோக்யத இல்ல. மானுக்கு .308 வின்செஸ்டர் தாராளம், 1952ல வந்த தோட்டா, இன்னைக்கும் சுலபமா கெடைக்குது, சுடறப்ப தோள்ல விழற உதையும் தாங்கற அளவுதான். மேக்னம்னு மருந்து அதிகமா அடைச்ச, பலமா உதைக்கற தோட்டா வரும், அது பக்கம் போகாத, உதைக்கு பயந்து ட்ரிகர் அமுக்கும்போதே கண்ண மூடற பழக்கம் ஒருதடவ ஒட்டிக்கிச்சுன்னா லேசுல போகாது. ஸ்கோப் சின்னது போதும், மிச்சக் காசுக்கு நல்ல பைனாகுலர் வாங்கு. ஸ்கோப்ப வச்சு காட்டத் துழாவினா குழலும் கூடவே திரும்பும்ல, அந்தப் புதர்ல அசையறது இன்னொரு வேட்டக்காரனா இருந்தா?

400 மீட்டர்லாம் மறந்துடு. சாப்பாட்டுக்கு வைக்கற பேப்பர் தட்டு இருக்குல்ல, அத சுடப் பழகற ரேஞ்சுல மாட்டு, துப்பாக்கிய மேச மேல வச்சுச் சுட வேணாம், உக்காந்தும் மண்டி போட்டும் சுடு. அஞ்சுக்கு அஞ்சும் தட்டுல விழற தூரம் எதுவோ அதுதான் உன் தூரம், ஆரம்பத்துல 100 மீட்டர் வந்தாலே பெருசு. மானோட முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னாடி, இதயமும் நுரையீரலும் இருக்கற எடம், கிட்டத்தட்ட அந்தத் தட்டளவுதான்.

மத்த வேட்டக்காரங்க கண்ணுல படற மாதிரி ஆரஞ்சு ஜாக்கெட்ட தைரியமா போட்டுக்கோ, அந்த நிறம் மானுக்கு நமக்குத் தெரியற மாதிரி தெரியாது. மானோட மூக்குதான் வில்லன். காத்து உன் முகத்துல அடிக்கணும், முதுகுல அடிச்சா வீட்டுக்குக் கெளம்பிடலாம்.

என் மொதல் மான் கத சொல்றேன். அவசரத்துல பின்னாடி தள்ளி அடிச்சுட்டேன், போய்ப் பாத்தா எலை மேல ரத்தம் கருஞ்சிவப்பு, நடுவுல பச்சையா ஏதோ, நாத்தம் வேற. வயித்துல பட்டிருக்குன்னு அர்த்தம், அப்ப பல மணி நேரம் விட்டுடணும், துரத்தலேன்னா பெரும்பாலும் பக்கத்துலயே படுத்துடும். நான் பத்தே நிமிஷத்துல பின்னாடி ஓடினேன், படுத்திருந்தது எந்திரிச்சுப் போயிடுச்சு, இருட்டற வரைக்கும் தேடியும் கெடைக்கல. எங்கயோ கெடந்து செத்திருக்கும், இன்னமும் உறுத்துது. நுரையீரல்ல பட்டா ரத்தம் நுரையோட வெளிர் சிவப்பா இருக்கும், அதுக்கே அரை மணி நேரம் எடத்த விட்டு அசையக் கூடாது.

அதனால சேஃப்டி கோர்ஸ முடிச்சுட்டு, மொத சீசன் பழகின ஆள் ஒருத்தரோட வெறுங்கையா போ. தடம் பாக்கறப்ப, கொடல் எடுக்கறப்ப கூடவே நில்லு, சீக்கிரம் எடுத்து ஒடம்புச் சூட்ட ஆத்தலேன்னா கறி வீணாயிடும், அந்த வாட உனக்கு ஒத்துக்குதான்னும் தெரிஞ்சுடும். ஒத்துக்கிச்சுன்னா .308 வாங்கு, கடையில மேக்னம் எடுத்துக் காட்டுவாங்க, வேணாம்னு சொல்லிடு.