லேப் பூட்டியிருந்தாலும் சாஃப்ட்வேர் கிடைக்குமா?

கேள்வி: சார், எங்க இன்ஜினியரிங் காலேஜ்ல மூணு டிபார்ட்மென்ட்டுக்கும் தனித்தனி லேப். டிராயிங் போடற ஆட்டோகேட் சாஃப்ட்வேர் சிவில் லேப்ல மட்டும்தான் இருக்கு, மெக் பசங்க உள்ள போகணும்னா ஹெச்ஓடி கையெழுத்து வேணும், அதுக்கும் மேல நாலரைக்கு பூட்டிடுவாங்க. டெஸ்க்டாப் விர்ச்சுவலைசேஷன், அதாவது எல்லாரோட டெஸ்க்டாப்பும் சர்வர்ல ஓடி பிசில ஸ்கிரீன் மட்டும் தெரியற மாதிரி, போட்டா எல்லா லேப்பும் பொதுவாயிடும்னு ஒரு வென்டர் சொல்றார், நம்பலாமா? - லேப் அசிஸ்டென்ட், நெல்லை பக்கம்

பதில்: நம்பலாம், ஆனா அவர் சொல்லாம விட்டதையும் கேட்டுக்கோங்க. ஐடியா பழசுதான். அமெரிக்காவுல நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டி 2004-லயே விர்ச்சுவல் கம்ப்யூட்டிங் லேப்னு ஆரம்பிச்சாங்க, பசங்க வெப்ல புக் பண்ணா தேவையான சாஃப்ட்வேரோட ஒரு மெஷின் ரெடியாகி வரும், ரூமுக்கே போக வேண்டாம். அந்த லேப்பை நடத்தற சாஃப்ட்வேரையே பின்னாடி அப்பாச்சி விசிஎல்னு இலவசமா வெளியிட்டாங்க.

செலவு குறையும்னு சொன்னா மட்டும் தலையாட்டாதீங்க. பிசில இருந்த ரேம் எல்லாம் சர்வருக்கு போகுது, அவ்வளவுதான். ஆட்டோகேட்டுக்கு ஆளுக்கு 8 ஜிபி வெச்சாலே 30 பேர் பேட்ச்சுக்கு 240 ஜிபி ஆச்சு, 3டினா கிராஃபிக்ஸ் கார்டு வேற. காலைல ஃபர்ஸ்ட் ஹவர் எல்லாரும் ஒண்ணா லாகின் பண்றப்போ சாதா ஹார்ட் டிஸ்க் திணறிடும், அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இல்லாம இறங்காதீங்க. பிசியோட வந்த விண்டோஸ் லைசென்ஸும் இதுக்கு செல்லாது, தனியா வாங்கணும், கொட்டேஷன்ல அந்த வரி இருக்கான்னு முதல்ல பாருங்க.

இன்னொண்ணு, நான் பட்டது. ஒரு காலேஜ்ல செட் பண்ணிக் கொடுத்தேன், லாக் ஆஃப் பண்ணா டெஸ்க்டாப் பழையபடி புதுசாயிடும், அது நல்லதுதான் வைரஸ் தங்காது, ஆனா ஒரு பொண்ணு ரெக்கார்டுக்கான டிராயிங்கை டெஸ்க்டாப்லயே சேவ் பண்ணிட்டு போயிடுச்சு, மறுநாள் வந்து "சார் என் ஃபைல்"னு நிக்குது, நான் என்னத்த சொல்ல! அப்புறம்தான் ஆளுக்கொரு நெட்வொர்க் ஃபோல்டர் போட்டு டாக்குமென்ட்ஸை அங்க திருப்பிவிட்டேன். நீங்க முதல் நாளே போட்டுடுங்க.

சி, பைத்தான் லேப்புக்கெல்லாம் இவ்வளவு தேவையே இல்ல, ஒரு லினக்ஸ் சர்வர்ல எல்லாருக்கும் லாகின் கொடுத்தா முடிஞ்சுது. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர்ல முடிஞ்சுதேன்னு பழைய பிசியை எடைக்கு போட்டுடாதீங்க, லைட்டான லினக்ஸ் போட்டா தின் கிளையன்ட்டா, அதாவது சர்வர்ல ஓடறதைக் காட்டற வெறும் ஸ்கிரீனா, ஓடும்.

வென்டர்கிட்ட 30 பேரை ஒரே நேரத்துல லாகின் பண்ண வெச்சு டெமோ கேளுங்க. அவர் லேப்டாப்ல ஒரு விண்டோ திறந்து காட்டறதெல்லாம் டெமோ இல்ல.