உவர் நிலத்தில் நேப்பியர் புல்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நாகப்பட்டினம் கடலோரத்தில் எனக்கு 3 ஏக்கர் உவர் நிலம் இருக்கிறது. நெல் சரியாக வருவதில்லை. சூப்பர் நேப்பியர் போட்டால் ஏக்கருக்கு வருடம் 150 டன் வரும், பயோகேஸ் ஆலைக்குக் கிலோ 1 ரூபாய்க்கு 5 வருடம் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார் தை மாதம் வந்து நிலத்தைப் பார்த்த ஒரு ஏஜென்ட். ஒப்பந்த நகலையும் அனுப்பியிருக்கிறேன். நடுகிற கரணை (தண்டுத் துண்டு) ஒன்று 4 ரூபாயாம். நகைக்கடன் 3 லட்சம் வாங்கி இறங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

150 டன் என்பது பொய்க்கணக்கு இல்லை. வேளாண் பல்கலைக்கழகத்தின் கம்பு நேப்பியர் கோ-4 ரகத்துக்குச் சொல்லப்படும் விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 380 டன். ஏக்கருக்கு மாற்றினால் கிட்டத்தட்ட அதே எண்தான். ஆனால் அது நல்ல மண், நல்ல தண்ணீர், வருடத்துக்கு 7 அறுப்பு என்று எடுத்த கணக்கு. உப்பு ஏறிய மண்ணில் பாதி வந்தாலே அதிர்ஷ்டம்.

பாதி என்றே வைத்துக்கொள்வோம். 3 ஏக்கருக்கு 225 டன், அதாவது 2,25,000 ரூபாய். வெட்டிக் கட்டி ஏற்ற டன்னுக்கு 500 ரூபாய் என்றால் 1,12,500 போகும். நகைக்கடன் வட்டி 10% என்றால் 30,000. மீதி 82,500. சரி, பரவாயில்லையே என்று தோன்றும். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் ‘ஆலை வாசலில் எடை’ என்று ஒரு வரி இருக்கிறது, பார்த்தீர்களா? அப்படியானால் லாரி வாடகை உங்கள் தலையில். பச்சைப்புல்லில் ஏறத்தாழ 80% தண்ணீர்தான். ஒரு டன் புல் ஏற்றினால் 800 கிலோ தண்ணீருக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறீர்கள். டன்னுக்கு 400 ரூபாய் ஆனாலே 90,000. உரம், களைச் செலவுக்கு முன்பே கை நஷ்டம். அசல் 3 லட்சம் அப்படியே நிற்கும். நகைக்கடனுக்குப் பெரும்பாலும் ஒரு வருடக் கெடுதான் என்பதையும் மறக்காதீர்கள்.

இதில் உறுதியான லாபம் யாருக்கு? வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 50 செ.மீ. விட்டு நட்டால் ஏக்கருக்குச் சுமார் 13,500 கரணை வேண்டும். 3 ஏக்கருக்கு 1,62,000 ரூபாய் முதல் நாளே ஏஜென்ட் கைக்குப் போய்விடும். புல் முளைத்தாலும் முளைக்காவிட்டாலும்! (2012-ல் ஈமு கோழியில் பணம் போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் குஞ்சு விற்றவர்தான் முதலில் சம்பாதித்தார்.)

ஆலை ஓடுகிறதா, கட்டிக்கொண்டிருக்கிறார்களா, இல்லை வெறும் பலகைதானா? நேரில் போய்ப் பாருங்கள். 2018-ல் மத்திய அரசு ‘சதத்’ என்ற பயோகேஸ் திட்டத்தில் 5,000 ஆலைகள் என்று இலக்கு வைத்தது. ஓடுவது அதில் சிறு பங்குதான். குழாய் எரிவாயுவிலும் சி.என்.ஜி.யிலும் பயோகேஸ் கலப்பதை 2025-26-லிருந்து கட்டாயமாக்கியிருப்பதால் தேவை கூடலாம். அதனால் புல்லை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தச் சாகுபடிக்கென்று 2019-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதன்படி பதிவு செய்யத் தயாரா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

அப்புறம் மண். ஏஜென்ட் தை மாதம் வந்து பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். தையில் மழை உப்பைக் கழுவியிருக்கும், வரப்பெல்லாம் பச்சையாக இருக்கும். சித்திரையில் அதே வயலில் வெள்ளை பூத்து நிற்கும். அப்போது மண்ணையும் போர் தண்ணீரையும் சேர்த்துச் சோதியுங்கள், கட்டணம் சொற்பம்தான். இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் எண்) 4-க்கு மேல் என்றால் உவர், பி.எச். (கார, அமிலத் தன்மையைக் காட்டும் எண்) 8.5-ஐத் தாண்டினால் களராக (சோடியம் மிகுந்த மண்ணாக) இருக்கலாம், அதைத் திருத்த ஜிப்சம் செலவு தனி.

ஆசை விடவில்லை என்றால் 2 சென்ட்டில் மட்டும் நடுங்கள். 270 கரணை, 1,080 ரூபாய். 75 நாளில் முதல் அறுப்பு; ஐப்பசி, கார்த்திகையில் தேங்கும் தண்ணீரையும் தாங்கினால் அதிலிருந்தே கரணை வெட்டிப் பெருக்கலாம். நேப்பியருக்கு நிற்கிற தண்ணீர் ஆகாது. பள்ளமான மூலையில் தண்ணீர்ப்புல் போடுங்கள், ஈரத்தையும் ஓரளவு உப்பையும் தாங்கும். வீட்டில் இரண்டு மாடு இருந்தால் லாரியே வேண்டாம்.

சித்திரையில் பரிசோதனைச் சீட்டு வந்ததும் இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள். ஒப்பந்த நகலில் மூன்றாம் பக்கம் இல்லை, அதையும் சேர்த்து.